தளையில் வராத தோட்டம்

அரசு அலுவலகத் தமிழ் சில சமயம் தன்னையறியாமல் உண்மையைச் சொல்லிவிடும். மாடித்தோட்டம் போட விரும்புகிறவர்களுக்குத் தோட்டக்கலைத் துறை மானிய விலையில் வழங்கிய பொருள்தொகுப்புக்கு 'தளை' என்று பெயரிட்டார்கள். யாப்பு படித்தவர்களுக்குத் தளை என்றால் சீரும் சீரும் பொருந்தும் கட்டு. மற்றவர்களுக்கு அது விலங்கு. இந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்த அதிகாரி எந்தப் பொருளை மனத்தில் கொண்டிருந்தார் என்று எங்கள் வட்டத்தில் ஒரு மாலை முழுக்கப் பேசிச் சிரித்திருக்கிறோம். பிறகு அந்தச் சிரிப்பு எங்கள் மேலேயே திரும்பியது. அந்தக் கதைக்குப் பின்னால் வருகிறோம்.

திட்டம் 2013-14இல் சென்னையிலும் கோவையிலும் 'நீங்களே செய்து பாருங்கள்' என்ற பெயரில் தொடங்கியது. 2021 டிசம்பரில் மாநிலம் முழுமைக்குமாக அறிவிக்கப்பட்டபோது 900 ரூபாய் மதிப்புள்ள தொகுப்பு 225 ரூபாய்க்குக் கிடைத்தது. ஆறு வளர்ப்புப் பைகள், ஆறு தென்னைநார்க் கழிவுக் கட்டிகள், ஆறு வகைக் காய்கறி விதைகள், நுண்ணுயிர் உரங்கள், வேப்ப எண்ணெய், ஒரு கையேடு. விலை குறைவுதான். மறுக்கவில்லை. ஆனால் இந்த ஆறும் ஆறும் சேர்ந்து மக்கள் மனத்தில் எழுதிய இலக்கணம் ஒன்று உண்டு: தோட்டம் என்பது வாங்கித் தொடங்குவது. மானியத்துக்கு அப்பால் அந்த இலக்கணத்தைச் சந்தை எடுத்துக்கொண்டது. இன்று எந்த ஊரிலும் பை, நார், மண்புழு உரம், பஞ்சகவ்யம், மீன் அமிலம், வண்ணப் பூவாளி எல்லாம் அடுக்கிய கடைகள் இருக்கின்றன. சுவரில் நம்மாழ்வார் படமும் இருக்கும். வெளியீடு எதையும் விலைக்கு வாங்காமல் உழவனைத் தன் காலில் நிற்கச் சொல்லி வாழ்நாளெல்லாம் நடந்த மனிதரின் படத்துக்குக் கீழே ஒரு லிட்டர் வளர்ச்சி ஊக்கி முந்நூறு ரூபாய்!

எங்கள் தரப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். குறைந்த செலவில் காய்கறித் தோட்டம் என்ற பெயரில் இன்று நடப்பது பெரும்பாலும் செலவைப் பற்றிய பேச்சல்ல, கடையைப் பற்றிய பேச்சு. திண்டுக்கல் போன்ற ஓர் ஊரில் ஏழை வீட்டுக்குத் தோட்டம் அமையாமல் போவதற்குப் பையும் நாரும் இல்லாதது காரணமே அல்ல. உப்பில்லாத தண்ணீரும், 'இதை இங்கே வைக்காதே' என்று யாரும் சொல்லமுடியாத நான்கடி இடமும் இல்லாததே காரணம். அவ்விரண்டையும் பேசாமல் பையைப் பற்றி மட்டும் பேசுகிற பசுமை, சொந்த மாடி உள்ளவர்களின் பொழுதுபோக்கு. பொழுதுபோக்கில் தவறில்லை. அதைப் புரட்சி என்று அழைக்கவேண்டாம் என்கிறோம், அவ்வளவே.

இதைச் சொல்லும் தகுதி எங்களுக்கு எப்படி வந்தது என்றால், ஏமாந்து வந்தது. 2022இல் நத்தம் சாலைப் பக்கம் நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த வாசிப்பு அறையின் மொட்டைமாடியில் தோட்டம் போடத் தீர்மானித்தோம். எல்லோரும் 'ஒற்றை வைக்கோல் புரட்சி' படித்தவர்கள். இருபது பைகள், நார்க்கட்டிகள், உயர்ரக வீரிய விதைகள், நிழல்வலை. கணக்குப் புத்தகத்தில் ஆறாயிரத்துச் சொச்சம் ரூபாய் இன்னும் இருக்கிறது. ஆடிப்பட்டம் தேடி விதை என்ற மூதுரையைப் பக்தியோடு பின்பற்றி ஆடியில் நட்டோம். பழனிமலையின் மழைமறைவில் கிடக்கும் இந்தச் சமவெளியில் ஆடி என்றால் காற்று. அந்த மூதுரை விதைப்பு மழை கிடைக்கும் நிலத்துக்குச் சொன்னது. நான்காம் மாடிக் கைப்பிடிச் சுவர்மேல் இருக்கும் நார்ப்பைக்குச் சொன்னதல்ல. காலையில் ஊற்றிய தண்ணீர் பிற்பகலில் இல்லை. மாலையிலும் ஊற்றினோம். ஊற்றியது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்.

ஆறாவது வாரம் பைகளின் மேற்பரப்பில் வெள்ளைப் பொருக்குக் கட்டியது. இலை நுனிகள் தீய்ந்தன. பீன்ஸ் முதலில் போனது. நாங்கள் ஊக்கி வாங்கித் தெளித்தோம். அதுவும் உப்புதான் என்பது பிறகு தெரிந்தது. இறுதிக் கணக்கு: பதினோரு கத்தரிக்காய், இரண்டு கை வெண்டைக்காய், கோலி அளவில் கொஞ்சம் தக்காளி. புகைப்படங்கள் மட்டும் அமோக விளைச்சல்.

அறையைப் பெருக்க வரும் அக்கா பைகளைப் பார்த்துக் கேட்டார்: "ஏந்தம்பி, தேங்கா நாருக்கும் காசு குடுத்தா வாங்குனீங்க?" அவர் குடியிருப்பது பக்கத்துச் சந்தில் ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு எட்டு வீடுகள் நிற்கும் லைன் வீட்டில். வாசற்படியின் ஓரம் மீன்கடையில் தூக்கியெறிந்த தெர்மோகோல் பெட்டி மூன்று. ஒன்றில் அரைக்கீரை, ஒன்றில் பருப்புக்கீரை, ஒன்றில் பொன்னாங்கண்ணி. சாக்கடைக் குழாய் ஓரத்துச் சட்டியிலிருந்து ஒரு பசலைக்கொடி படிக்கட்டுக் கம்பியைப் பிடித்து ஏறியிருந்தது. அவருடைய செலவு இருபது ரூபாய் விதை. அது போன வருடம் வாங்கியது. அதற்குப் பிறகு வாங்கவில்லை, ஒரு செடியை முற்றவிட்டு உலுக்கிக்கொள்கிறார். எங்கள் மாடியில் ஆறாயிரம் ரூபாய் வாடிக்கொண்டிருந்தபோது அந்த வாசலில் வாரம் இருமுறை கீரை கடைந்தார்கள்.

இதை எளிமையின் மகத்துவம் என்று கவிதையாக்கிவிடுவது எங்களைப் போன்ற வாசகர்களின் தொழில்நோய். அக்காவின் பெட்டிகளில் மகத்துவம் ஒன்றும் இல்லை. சரியான கணக்கு இருந்தது. அந்தக் கணக்கைப் பார்ப்போம்.

முதலில் தண்ணீர். திண்டுக்கல்லின் நிலத்தடி நீரைப் பற்றி ஊரார்க்குச் சொல்லத் தேவையில்லை. பாறையில் துளைத்து எடுக்கும் நீர் இயல்பிலேயே கடினமானது. அதன்மேல் தோல் பதனிடும் தொழில் பல பத்தாண்டுகள் இறக்கிய உப்பு. 1996 ஆகஸ்டில் தோல் ஆலைக் கழிவுகள் குறித்து உச்ச நீதிமன்றம் வழங்கிய புகழ்பெற்ற தீர்ப்பு வேலூர் அமைப்பொன்றின் பெயரால் அறியப்பட்டாலும், அதில் குறிப்பிடப்பட்ட மாவட்டங்களில் அன்றைய திண்டுக்கல் அண்ணா மாவட்டமும் ஒன்று. ஊரின் நல்ல தண்ணீர் ஆத்தூர் காமராஜர் அணையிலிருந்தும் காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்திலிருந்தும் வருவது. கோடையில் குழாய் வரும் நாளை எண்ணிக் குடம் வைத்துக் காத்திருந்த ஊர் இது. அந்தக் குடத்துத் தண்ணீரைக் கத்தரிச்செடிக்கு ஊற்று என்று எந்தக் கையேடும் சொல்லத் துணியாது. ஆகவே கையேடுகள் தண்ணீரைப் பற்றி 'தேவைக்கேற்ப' என்ற ஒற்றைச் சொல்லோடு நகர்ந்துவிடுகின்றன. இருபது பைக்குக் கோடையில் நாளொன்றுக்கு ஐம்பது லிட்டர் வரை தேவைப்படுகிறது. மூன்று குடத்துக்கும் மேல். 'தேவைக்கேற்ப' என்ற சொல்லின் எடை அது.

தென்னைநார்க் கழிவு இந்த ஊருக்குப் பொருந்தாமல் போவதும் இதனால்தான். அது நீரைப் பிடித்துவைக்கும் என்பது உண்மை. நன்கு கழுவப்படாத நாரில் உப்பும் சேர்ந்தே வரும். களிமண்ணும் மக்கும் கலந்த மண்ணுக்கு உப்பைக் கொஞ்சம் தாங்கிக்கொள்ளும் குணம் உண்டு. வெறும் நாருக்கு அது குறைவு. நன்னீர் ஊற்றும் வீட்டில் நார் நல்ல ஊடகம். உப்புநீர் ஊற்றும் வீட்டில் பொருக்குத்தான் மிஞ்சும். நீர்ச் சுத்திகரிப்புப் பெட்டி வைத்திருக்கும் வீட்டார் அதிலிருந்து வடியும் கழிவு நீரை வீணாக்காமல் செடிக்கு ஊற்றுவதாகப் பெருமையாகச் சொல்வதைக் கேட்கிறோம். வந்த நீரிலிருந்த உப்பெல்லாம் திரண்டு நிற்பது அந்த நீரில்தான். அதைக் கழிப்பறை கழுவப் பயன்படுத்தலாம்.

அக்கா ஊற்றியது அரிசி களைந்த கழனியும் காய் கழுவிய நீரும். சோப்பு நீர் பசலைக்கும் கீரைக்கும் போகாது. அது கல்வாழைக்கும் சேம்புக்கும். முன்பு கிணற்றடியும் கொல்லைப்புறமும் இருந்த வீடுகளில் இந்தப் பாகுபாடு யாரும் கற்பிக்காமலே இருந்தது. உப்பைத் தாங்குவதில் பருப்புக்கீரை பெரிய ஆள். தண்டுக்கீரை இனங்களும் ஓரளவு தாங்கும். பீன்ஸும் வெங்காயமும் தாங்காது. அக்கா இதை ஆய்வறிக்கையில் படிக்கவில்லை. செத்தது எது, பிழைத்தது எது என்று பார்த்தார்.

வானத்திலிருந்து விழும் உப்பில்லா நீரையும் பேசவேண்டும். 2003இல் தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கெல்லாம் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அன்று பதித்த குழாய்கள் பல வீடுகளில் எங்கே போய் முடிகின்றன என்று வீட்டுக்காரருக்கே தெரியாது. ஐந்நூறு சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 460 லிட்டர். அந்தக் குழாயை ஒரு நீலப் பீப்பாய்க்குத் திருப்பிவிடும் செலவு இருபது பை வாங்கும் செலவைவிடக் குறைவு. இங்கே பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். எனவே காசில்லாத தோட்டம் இந்த ஊரில் புரட்டாசிக் கடைசியில் தொடங்கட்டும். வேர் பிடிக்கும் காலத்தில் நன்னீர் கிடைக்கும். மண்ணில் சேர்ந்த உப்பும் மழையில் கழுவப்படும். ஆடியை உழவர்களிடம் விட்டுவிடலாம்.

அடுத்து, எதை நடுவது. இதில்தான் நண்பர்கள் எங்களோடு சண்டைக்கு வருகிறார்கள். மாடித்தோட்டக்காரர்களின் கனவு தக்காளி. சிவந்து தொங்கும், படம் எடுக்க அழகு. ஆனால் நாம் எங்கே இருக்கிறோம்? முப்பது கிலோமீட்டர் சொச்சம் மேற்கே ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தை. லாரி லாரியாகக் கேரளத்துக்குக் காய் ஏற்றும் ஊர். வடக்கே அய்யலூரில் தக்காளிக்கென்றே சந்தை. விலை விழும் பருவங்களில் பறிகூலிக்கும் கட்டாமல் கூடையைச் சாலையோரம் கவிழ்த்துவிட்டுப் போகும் விவசாயியை இந்த மாவட்டத்தில் பார்க்காதவர் இல்லை. நாற்று வேண்டுமானால் ரெட்டியார்சத்திரத்தில் இந்திய-இஸ்ரேல் கூட்டு முயற்சியில் அமைந்த காய்கறி மகத்துவ மையம் குழித்தட்டுகளில் வளர்த்துக் கொடுக்கிறது. இத்தனை தக்காளிக்கு நடுவே உட்கார்ந்து, குடிநீர்க் குடத்தைக் கவிழ்த்து, ஒரு பையில் ஒன்றிரண்டு கிலோ தக்காளி விளைவிப்பதில் என்ன தற்சார்பு?

2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியதே, அப்போது என்ன செய்தீர்கள் என்று கேட்கிறார்கள். ரசத்துக்குப் புளியைக் கூட்டினோம். நாற்று நட்டுப் பழம் பறிக்க இரண்டரை மாதம் ஆகும். விலையேற்றத்தைக் கண்டு நட்டவர்கள் விலை சரிந்தபின் பறித்தார்கள். விலையேற்றத்துக்குச் செய்யவேண்டியது விவசாயிக்கும் வாங்குபவருக்கும் நடுவே நடப்பதைக் கேள்வி கேட்பது. மாடியில் ஆறு செடி வைப்பது அந்தக் கேள்வியிலிருந்து நழுவும் வழி.

கீரை வேறு கதை. அது பயணம் செய்யாது. பறித்த மறுபொழுதே வாடுவதால் பெருஞ்சந்தைக்குக் கீரைமேல் ஆர்வமில்லை. ஊரோரத்தில் எந்த நீர் கிடைக்கிறதோ அந்த நீரில் விளைந்து காலையில் தெருவுக்கு வருகிறது. நகரங்களின் ஓரத்தில் அந்த நீர் எத்தகையது என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. சிறுகீரை மூன்று நான்கு வாரத்தில் சட்டிக்கு வரும். அரைக்கீரை கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும். நான்கைந்து அங்குல மண் போதும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. கீரை மட்டுமே ரத்தசோகையைத் தீர்க்கும் என்று சொல்ல நாங்கள் மருத்துவர்கள் அல்ல. கீரையிலுள்ள இரும்பை உடல் முழுதாக ஏற்பதில்லை என்பதும், எலுமிச்சை, நெல்லிபோலப் புளிப்பு சேர்ந்தால் கொஞ்சம் கூடுதலாக ஏற்கும் என்பதும் தெரிந்தவைதாம். ஆனாலும் இந்த எண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யோசிக்கும்போது, நான்கடி இடத்தில் தக்காளியா கீரையா என்பது ரசனைக் கேள்வியாக எங்களுக்குப் படவில்லை.

நால்வர் உள்ள குடும்பத்துக்குத் தேவையான காய் முழுவதையும் மாடியிலிருந்தே எடுக்கலாம் என்று மேடைகளில் பேசுகிறவர்களிடம் ஒரு கணக்குக் கேட்கவேண்டும். ஆளுக்கு நாளொன்றுக்கு 300 கிராம் என்று வைத்தாலே ஆண்டுக்கு 440 கிலோவுக்கு அருகில் வருகிறது. ஓரடி உயர, ஓரடி அகலப் பை ஈரமண்ணோடு முப்பத்தைந்து கிலோ இருக்கும். புழங்கும் மாடித்தளத்துக்குப் பொறியாளர்கள் கொள்ளும் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. நான்கு பையை நெருக்கிவைத்தால் வரம்பின் விளிம்பு. பழைய செங்கல் மாடிகளுக்கு அதுவும் அதிகம். கனவைக் கூரை தாங்காது என்பது இங்கே உவமை அல்ல.

எனவே தொடங்க விரும்புகிறவருக்கு நாங்கள் சொல்வது மிகச் சிறியது. மீன்பெட்டி, ஓட்டைக் குடம், பெயிண்ட் வாளி, எது கிடைக்கிறதோ அதன் அடியில் துளை. அரிசிச் சாக்கு வேண்டாம். வெயிலில் சில மாதங்களில் நூல்நூலாக உதிர்ந்து மண்ணில் கலந்துவிடும். செம்மண் ஒரு பங்கு, மக்கிய சாணம் ஒரு பங்கு, கிடைத்தால் குளத்து வண்டல் ஒரு பங்கு. தோல்கிடங்குக் கழிவை உரமென்று யார் கொடுத்தாலும் தொடவேண்டாம். புதினாக் கட்டில் இலையை உருவியபின் எஞ்சும் தண்டு, பொன்னாங்கண்ணித் தண்டு, அஞ்சறைப்பெட்டி வெந்தயம், இரண்டாக உடைத்த மல்லி. காலடி மண் உள்ளவர்கள் ஒரு முருங்கைப் போத்து ஊன்றட்டும். தெருவுக்கே இலை கொடுக்கும். முதல் பருவத்தில் மூன்று பெட்டிக்கு மேல் வேண்டாம். ஊற்றத் தண்ணீர் மிஞ்சினால் நான்காவது.

இவ்வளவு எளிதென்றால் ஏன் எல்லா வாசலிலும் இல்லை? இங்கேதான் இடம் வருகிறது. சென்ற ஆண்டு அக்காவின் பசலைக்கொடியை வெட்டச் சொன்னார் வீட்டுக்காரர். சுவர் அரிக்கிறதாம், பாம்பு வருமாம். பெட்டிகளையும் எடுக்கச் சொன்னார். வாடகை வீட்டின் சுவரில் ஆணி அடிக்கவே அனுமதி கேட்கும் சமூகம் நாம். மொட்டைமாடி பூட்டியிருக்கும்; சாவி வீட்டுக்காரரிடம். பூட்டுக்குப் பேர்போன ஊரில் இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அரசு 225 ரூபாய்க்குத் தொகுப்புக் கொடுத்தாலும் இலவசமாகவே கொடுத்தாலும் அதை விரித்து வைக்க அவருக்கு இடமில்லை.

பிற நாடுகள் இதை இடப் பிரச்சினையாகவே பார்த்தன. பிரிட்டனில் 1908ஆம் ஆண்டுச் சட்டம், நகரத்து உழைப்பாளிகள் கேட்டால் காய்கறி பயிரிடச் சிறு துண்டு நிலம் ஏற்பாடு செய்யும் கடமையை உள்ளாட்சிகள்மேல் சுமத்தியது. 1990களில் சோவியத் ஒன்றியம் சிதறி எரிபொருளும் உணவும் வராமற்போனபோது ஹவானாவில் காலி மனைகளைப் பயிரிடும் உரிமையோடு மக்களிடம் விட்டார்கள். அங்கே எழுந்த மேட்டுப்பாத்திகளைத்தான் நம் மாடித்தோட்டப் பேச்சாளர்கள் திரையில் போட்டுக் காட்டுகிறார்கள். பாத்தியைக் காட்டுகிறார்கள், உரிமையைக் காட்டுவதில்லை.

நம்மிடம் நிலம் இல்லையா? பெரிய மனைப்பிரிவுகளில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக விடவேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. பழனி சாலையிலும் வத்தலக்குண்டு சாலையிலும் சமவெளியெங்கும் மனைகளாகிவிட்ட புஞ்சைகளுக்கு நடுவே 'பூங்கா' என்று வரைபடத்தில் பச்சையடித்த துண்டுகளில் சீமைக்கருவேலம் நிற்பதைப் போகிறவர்கள் பார்க்கலாம். அவற்றின் ஒரு மூலையை ஆளுக்கு நூறு சதுர அடியாகக் கயிறு கட்டிப் பிரித்து, அந்தந்தத் தெருவின் வாடகைக் குடித்தனக்காரர்களுக்கு ஆண்டுக் குத்தகைக்கு விடலாம். ஒரு சென்டில் நான்கு பேர். மழைநீர்த் தொட்டி ஒன்று, பூட்டில்லாத வாசல் ஒன்று. பூங்கா நிலத்தை வேறொன்றுக்கு மாற்றுவதா என்று சட்டம் படித்த நண்பர் கேட்டார். கீரைப் பாத்தி திறந்தவெளி இல்லையா என்று நாங்கள் கேட்டோம். இப்போது இருவருமாகச் சேர்ந்து மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். உடன்படுகிறவர்கள் கையெழுத்திட வரலாம். உடன்படாதவர்கள் வாதிட வரலாம். அறை ஞாயிறு மாலைகளில் திறந்திருக்கும்.

இருபது பைகளில் பதினான்கு வெயிலில் கிழிந்துவிட்டன. மீதி ஆறில் நாரைக் கொட்டிவிட்டு மண் நிரப்பினோம். அக்காவின் மூன்று பெட்டிகள் இப்போது எங்கள் படிக்கட்டில் இருக்கின்றன. தினமும் காலையில் கழனித் தண்ணீரைச் செம்பில் எடுத்துக்கொண்டு சந்திலிருந்து நடந்து வருகிறார். எங்கள் வீட்டுக்காரர் தீபாவளிக்கு முன்பு படிக்கட்டுக்கு வெள்ளையடிக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார்.